முந்திரி மரத்துக்கு எரு வைப்பது எப்படி?

பண்ருட்டி பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், "முந்திரிக்கு எதுக்கு எரு, அது தானாக் காய்க்கும்" என்பார்கள். காய்க்கும்தான். ஆனால் செம்மண்ணில் சத்து தங்காது, மழையோடு கரைந்து இறங்கிவிடும். வருஷா வருஷம் கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் மரம் இளைக்கும், கொட்டை சிறுக்கும்.

ஐந்து வயதைத் தாண்டிய மரத்துக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம் வேண்டும். முதல் வருஷக் கன்றுக்கு 10 கிலோ போதும். எரு மக்கிவிட்டதா என்று பார்க்க, குவியலுக்குள் கையை விடுங்கள். சூடு இருக்கக்கூடாது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் சாண வாடை போய், மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். பச்சைச் சாணத்தைக் கொட்டினால் கரையான்தான் வரும்.

அடுத்து உயிர் உரம், அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உள்ள உரம். ஒரு மரத்துக்கு அசோஸ்பைரில்லம் (காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது) 50 கிராம், பாஸ்போபாக்டீரியா (மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தருவது) 50 கிராம் என எடுத்து, எருவில் கலந்து லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். அதற்குள் நுண்ணுயிர்கள் நன்றாகப் பெருகிவிடும். இதோடு சாம்பலையோ ரசாயன உரத்தையோ கலக்காதீர்கள், நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பொட்டலம் வாங்கும்போது காலாவதி தேதியையும் பாருங்கள்.

எருவை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது வீண், சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே குறைவு. அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வட்டமாகப் பள்ளம் எடுங்கள். மண்வெட்டியில் தலைமயிர் போன்ற வேர்கள் சிக்கினால் அதற்கு மேல் வெட்ட வேண்டாம். எருவைப் பரப்பி உடனே மண் மூடுங்கள், வெயில் பட்டால் நுண்ணுயிர் பிழைக்காது. நிலம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் மட்டும் அரைவட்டம் போதும்.

ஐப்பசியில் மண் நனைந்து, அடைமழை விட்ட இடைவெளியில் வைப்பது நல்லது. ஆடியில் ஈரம் இருந்தால் பாதியை அப்போதே வைக்கலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வளர்ந்த மரத்துக்கு வருஷத்துக்குப் பரிந்துரைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 500 கிராம். 50 கிலோ தொழு உரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 250 கிராம்தான். மீதியில் ஒரு பகுதிக்கு இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். இன்னும் கொஞ்சம் சேர, மரங்களுக்கு நடுவே சணப்பு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். உதிர்ந்த முந்திரி இலையைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அதை மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். தோல் மாதிரி தடித்த இலை, மெதுவாகத்தான் மக்கும், அதுவரை ஈரத்தைக் காக்கும்.

புதுத்தளிர் வரும்போது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து, வடிகட்டி, மாலையில் தெளிக்கலாம். தளிரில் தேயிலைக் கொசு (தளிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கிக் காயவைத்ததும் நூறு கொட்டையை எண்ணி எடை போட்டு, நோட்டில் எழுதுங்கள். எரு வைக்காத மரம் ஒன்றிரண்டை விட்டுவைத்து அதன் கொட்டையையும் எடை போடுங்கள். முதல் வருஷம் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று வருஷமாவது பார்க்க வேண்டும்.