மேசைக் கணினிக்கு இரண்டாவது பிராசஸர் தேவையா? காசு போடுமுன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கல்யாண வீடியோ, திருவிழாப் படத்தொகுப்பு என்று கணினியை வைத்தே பிழைக்கும் தம்பிகள் பலர் இருக்கிறார்கள். "வீடியோவைத் தொகுத்து எடுக்க ராத்திரி முழுக்க ஆகிறது அண்ணே, இரண்டு பிராசஸர் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். நிறுவனங்களின் பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய, இன்டெலின் சியோன் வகைப் பிராசஸர்கள் மலிவாகக் கிடைப்பதால் ஆசை வருவது இயல்பே. வாங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

முதல் படி: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். கீழே சாக்கெட் (பிராசஸர் அமரும் இடம்), கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்று இரண்டு எண்கள் தெரியும். கோர் 4 அல்லது 6 என்று காட்டினாலும் சாக்கெட் 1 என்றுதான் இருக்கும். 2005இல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 வந்தது முதல் ஒரே பிராசஸருக்குள் பல கோர்கள் இருப்பது வழக்கமாகிவிட்டது. நாம் இங்கே பேசுவது இரண்டு சாக்கெட்டில் இரண்டு தனித்தனி பிராசஸர்களைப் பற்றி.

இரண்டாம் படிதான் முக்கியம். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர் வாரியாகக் காட்டும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒன்றோ இரண்டோ கட்டம் தெரியும். பிறகு வழக்கமான வேலையை ஓடவிட்டுக் கட்டங்களைக் கவனியுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டு மற்றவை அடியிலேயே கிடந்தால், இரண்டாவது பிராசஸரும் சும்மாதான் கிடக்கும். ஒரே பால்மரத்தை இரண்டு பேர் சேர்ந்து சீவினால் பால் இரட்டிப்பாகாது. நிரையைப் பிரித்துக் கொடுத்தால்தான் வேலை சீக்கிரம் முடியும். கணினியிலும் பிரித்துச் செய்யக்கூடிய வேலைக்கே கூடுதல் கோர் உதவும். கட்டங்களெல்லாம் தாழ்ந்திருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி என்னும் வேகமான டிஸ்க். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் வாங்குங்கள். பெரும்பாலோருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

எல்லாக் கட்டங்களும் மணிக்கணக்கில் உச்சியிலேயே நின்றால் மூன்றாம் படிக்கு வாருங்கள். சாதாரணக் கணினிகளில் இருக்கும் இன்டெல் கோர், ஏஎம்டி ரைசன் ஆகிய எந்த வகையிலும் ஒரே போர்டில் இரண்டு பிராசஸர்களை ஜோடியாகப் பொருத்த முடியாது. ஆகவே இருக்கும் கணினியில் இன்னொன்றைச் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. சியோன் அல்லது ஏஎம்டியின் சர்வர் பிராசஸரான எபிக் வகையில் இரண்டு சாக்கெட் மதர்போர்டு வாங்க வேண்டும். சியோன் இ5 வரிசையில் 2680 என்பதுபோல் எண் 2இல் தொடங்கினால் ஜோடியாக ஓடும், 1650 போல் 1இல் தொடங்கினால் ஓடாது. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். ரேமையும் இரு பக்கமும் சமமாகப் பிரித்துப் பொருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கமே செருகினால், மறுபக்கத்துப் பிராசஸர் ஒவ்வொரு முறையும் சுற்றிவந்து எடுக்க வேண்டியிருக்கும். பெரிய கேஸ், பிராசஸருக்கான 8 பின் மின்இணைப்பு இரண்டு உள்ள பவர் சப்ளை ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு பிராசஸரை மட்டுமே பயன்படுத்தும். இரண்டுக்குப் புரோ வேண்டும். இ5 பிராசஸர்கள் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

அடுத்து மின்சாரம். இ5-2680 வி4 ஒன்றுக்கு 14 கோர், 120 வாட். இரண்டும் முழு மூச்சில் ஓடினால் 240 வாட். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 யூனிட். மாலையில் இடி இடித்து மின்சாரம் போகும் ஊர் நம்முடையது. வீட்டில் வைத்திருக்கும் 650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அது போதாது.

என் கருத்தைக் கேட்டால், வீடியோ தொகுப்புக்கு ஒரே ஒரு புதிய பிராசஸரே மேல். 16 கோர் கொண்ட ரைசன் 9 5950எக்ஸின் வரையறை 105 வாட்தான், வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அந்தச் சியோன் 3.3ஐத் தாண்டாது. பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணக் காட்சி உருவாக்குபவர்களுக்கும், பல மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் தனிக் கணினிகள்) ஒரே நேரத்தில் ஓட்டுபவர்களுக்கும், மிகப் பெரிய ரேம் தேவைப்படுபவர்களுக்கும் இரண்டு பிராசஸர் உண்மையாகவே பயன்படும். அப்படிப் பழைய மதர்போர்டு வாங்கும்போது, காசு அனுப்புமுன் இரண்டு சாக்கெட்டையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். இவ்வகையில் ஊசிமுனைப் பின்கள் போர்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்தப் போர்டு வேண்டாம்.