ஸ்டிக்கரைப் படிக்காமல் ராம் வாங்காதீர்கள்

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் 8 ஜிபி ராம் இரண்டோடு வந்தார். பழைய டெஸ்க்டாப்பில் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லையாம். ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் வாங்கி ஏமாந்த அதே வகை. ராமின் தலைமுறைகளில் டிடிஆர்2 வேறு, டிடிஆர்3 வேறு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

சர்வர் ராமில் ஏமாறுவது

சர்வர் கணினிகளிலிருந்து கழற்றிய டிடிஆர்3 ராம் மலிவாகக் கிடைக்கும். வீட்டு ராமில் இருக்கும் அதே 240 பின், விளிம்பில் உள்ள வெட்டும் அதே இடத்தில்தான். ஸ்லாட்டில் 'டக்'கென்று கச்சிதமாக உட்காரும். அதை நம்பித்தான் நானும் வாங்கினேன். பவர் போட்டால் ஃபேன் சுற்றியது, டிஸ்ப்ளே இல்லை. பின்களை ரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட் மாற்றினேன். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். கடைசியில் மதர்போர்டே போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தபோது, நண்பர் ஒருவர் ஸ்டிக்கரில் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினார்: பிசி3-10600 என்ற வகைக் குறியீட்டுக்குப் பின்னால் 'ஆர்'. போர்டில் ஒரு குறையும் இல்லை.

'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு. ராமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர் அனுப்பும் முகவரியையும் கட்டளையையும் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் சிப் வாங்கி மற்ற சிப்புகளுக்குத் தரும். ராமின் மையத்தில் தனியாகத் தெரியும் சிப் அதுதான். வீட்டுக் கணினிகளின் கன்ட்ரோலருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸை அப்டேட் செய்தாலும் பயனில்லை. நமக்கு வேண்டியது 'யு' என்று முடிவது. விற்பவர்கள் 'டிடிஆர்3 8 ஜிபி' என்று மட்டும் எழுதி, இந்த எழுத்தைச் சொல்லாமல் விடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும் படத்தைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள்.

நல்லவேளை, வந்தவருக்குத் திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

போர்டின் உச்ச வரம்பைப் பார்க்காதது

இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள போர்டுக்கு 8 ஜிபிதான் உச்சம். ஹெச்61 என்றால் 16. ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்பதையும் போர்டு மேனுவலில் பாருங்கள். 16 ஜிபி தாங்கும் போர்டில் இரண்டே ஸ்லாட் இருந்தால், ஒற்றை 16 ஜிபி ராம் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

32 பிட் விண்டோஸ்

4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

லேப்டாப்பில் வோல்டேஜ்

1.35 வோல்ட் மட்டும் ஏற்கும் லேப்டாப்புக்கு 1.5 வோல்ட் ராம் வாங்காதீர்கள். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்க வேண்டும்.

சோதிக்காமல் மூடுவது

ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், ராமைத் திருப்பிக் கொடுங்கள்.