கேட் தேர்வு: திரையில் வரும் கால்குலேட்டரைக் கையாள்வது எப்படி?

பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் தேர்வின் அறைக்குள் சொந்தக் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. 3 மணி நேரத்தில் 65 கேள்விகளுக்கான கணக்கு முழுவதும் திரையில் திறக்கும் கால்குலேட்டரில்தான். கீபோர்டு வேலை செய்யாது. ஒவ்வொரு இலக்கத்தையும் மவுஸால்தான் அழுத்த வேண்டும்.

கைக் கால்குலேட்டரில் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது வரிசையில். அதில் சைன் அழுத்திவிட்டு 30 போடுவோம். இதில் 30 போட்டுவிட்டு சைன். லாக், √, ஃபாக்டோரியல் எல்லாமே இப்படித்தான். திரையில் அப்போது நிற்கும் எண்ணை மட்டுமே அந்தப் பொத்தான் எடுத்துக்கொள்ளும். மின்தடை 6 ஓம், ரியாக்டன்ஸ் 8 ஓம் உள்ள சுற்றின் இம்பிடன்ஸ் (இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் மொத்தத் தடை) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6, வர்க்கம், +, 8, வர்க்கம், =, அதன் பிறகு √. விடை 10. நடுவில் = அழுத்த மறந்தால் √ அந்த 64-க்கு மட்டும் போடப்பட்டு, 36 + 8 = 44 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் வில்லங்கம்.

கோண அலகு தானாக டிகிரியில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் 2 மில்லிசெகண்டில் கோணம் 0.628 ரேடியன். ரேடியனுக்கு மாற்றினால் சைன் 0.588, மாற்றாவிட்டால் 0.011. கணக்கின் நடுவில் மாற்றாதீர்கள். ஆரம்பிக்கும் முன்பே மாற்றி, முடிந்ததும் டிகிரிக்குத் திருப்பிவிடுங்கள். டான் இன்வர்ஸ் −90 முதல் 90 வரைதான் காட்டும். (−1, 1) என்ற புள்ளிக்கு −45 என்றே சொல்லும். 180 கூட்டி 135 ஆக்குவது உங்கள் வேலை.

10-இன் அடுக்குகளுக்கு அதற்கென்று உள்ள பொத்தானே பாதுகாப்பு. 1.6 × 10⁻¹⁹ வேண்டுமென்றால்: 19, +/−, 10-இன் அடுக்கு, ×, 1.6, =. பக்கத்தில் இருக்கும் ஈ-இன் (e, சுமார் 2.718) அடுக்கை அழுத்திவிட்டால் எண் பத்து பில்லியன் மடங்குக்கு மேல் பிசகும். லாக் என்பது 10 அடிமானம், எல்என் என்பது ஈ அடிமானம். டயோடு கேள்வியில் எல்என்-க்குப் பதில் லாக் அழுத்தினால் மின்னழுத்தம் 2.303 மடங்கு சுருங்கிவிடும். அடிமானத்தை நாமே தரும் லாக் பொத்தானை 8, 2 போட்டுச் சோதியுங்கள்: 3 வந்தால் வரிசை சரி, 0.333 வந்தால் தலைகீழ்.

நீளமான சமன்பாட்டை ஒரே மூச்சில் போடாமல் துண்டாக்குங்கள். 12 × 7 = அழுத்தி எம்எஸ் (நினைவகத்தில் வைக்க), 9 × 4 = அழுத்தி எம்+ (அதோடு கூட்ட), கடைசியில் எம்ஆர் (திரும்ப எடுக்க): 120. சி பொத்தான் திரையை மட்டுமே துடைக்கும், நினைவகத்தை எம்சி-தான் அழிக்கும். இடையில் வரும் எண்களைத் தாளில் 2 தசமத்துக்குச் சுருக்கி எழுதாதீர்கள். பை-க்கு 3.14 போட்டால் ஆரம் 50 உள்ள வட்டத்தின் பரப்பு 7850. பை பொத்தானில் 7853.98. எண்ணாக விடை தரும் கேள்விகளில் ஏற்கப்படும் எல்லைக்கு வெளியே தள்ள இந்த வித்தியாசமே போதும்.