டிரெய்லர் பேட்டரிக்கு எந்தக் கேபிள், எப்படி மாட்டுவது?

ஈஸ்டர் நெருங்கினால் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பட்டறை வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டும். செயிண்ட் லூசியா, டுகேலா முகத்துவாரம் என்று மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்கள். “பேட்டரி போயிடுச்சு தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கே ஃப்ரிட்ஜ் நின்னுடுது” என்பார்கள். சோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பேட்டரி நன்றாகவே இருக்கும். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் வீட்டுக்கு வாங்கிய லித்தியம் பேட்டரியைக் கழற்றி டிரெய்லரில் வைத்திருப்பார்கள். பக்கியிலிருந்து (டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டி) அதற்குப் போகும் வயர் மட்டும் பின்விளக்குக்குப் போடுகிற கனத்தில் இருக்கும்.

சூடாகாமல் இருந்தால் அந்த வயர் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 12 வோல்ட்டில் அந்தக் கணக்கு சரிப்படாது. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வோல்ட் குறைந்தால் ஃப்ரிட்ஜ் நின்றே போகலாம். அதனால், கேபிளின் கடைசி முனையில் எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டின் நீளத்தையும் மீட்டரில் கூட்டுங்கள். 0.0175 ஆல் பெருக்குங்கள் (செம்பின் மின்தடை எண் அது). ஆம்பியரால் பெருக்குங்கள். கேபிளின் குறுக்குப் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டரோ அதனால் வகுங்கள். எத்தனை வோல்ட் வழியில் தொலைகிறது என்று வந்துவிடும். கடையில் கேட்கும்போது அந்தப் பரப்பை 6 ஸ்கொயர், 16 ஸ்கொயர் என்று சொன்னால் போதும், புரியும்.

பக்கியின் எஞ்சின் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரி வரை வளைத்து நெளித்துக் கொண்டுபோனால் சுமார் 8 மீட்டர். போக வர 16. டிரெய்லரில் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (பக்கியிலிருந்து வரும் வோல்ட்டேஜை ஏற்றியிறக்கி டிரெய்லர் பேட்டரியை நிறைக்கும் கருவி) இருந்தால் அது உள்ளே இழுப்பது 30 ஆம்பியருக்கு மேலேயே இருக்கலாம். 30 என்றே வைத்துக்கொள்வோம். 6 ஸ்கொயரில் 1.4 வோல்ட் போய்விடும். 10 ஸ்கொயரில் 0.84. 16 ஸ்கொயரில் 0.53. 25 ஸ்கொயருக்குப் போனால் 0.34. நான் இந்த வழிக்கு 16 போடுகிறேன்.

“டிசி-டிசி சார்ஜர்தான் வோல்ட்டேஜை ஏற்றிக்கொள்ளுமே, அப்புறம் எதற்குத் தடித்த கேபிள்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றிக்கொள்ளும், சரி. ஆனால் உள்ளே வரும் வோல்ட் குறையக் குறைய அது அதிக ஆம்பியரை இழுக்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பும் கூடும். இப்போதைய பக்கிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) தானாகவே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்கிறது. அதோடு இந்த இழப்பும் சேர்ந்தால் சார்ஜர் ‘எஞ்சின் ஓடவில்லை’ என்று நினைத்து நின்றுவிடும். டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் வெறும் ரிலே (தானாக இணைக்கும் சுவிட்ச்) வைத்து ஈய-அமில பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதற்கு 14.4 வோல்ட் பக்கம் கிடைத்தால்தான் முழுதாக நிறையும். அரைகுறையாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும்.

டிரெய்லருக்குள்ளே கணக்கு வேறு. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 5 ஆம்பியர் என்று வையுங்கள். 4 மீட்டர் தள்ளி இருந்தால் 6 ஸ்கொயரில் 0.12 வோல்ட்தான் போகும், அதையே போடுங்கள். எல்.இ.டி. விளக்குக்கு 1.5 போதும். இன்வெர்ட்டர்தான் பெரிய வயிறு: 1000 வாட் என்றால் 95 ஆம்பியர் வரை. அதைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து 35 ஸ்கொயர் போடுங்கள். தூரமாக வைக்க வேண்டியிருந்தால் 230 வோல்ட் வயரை நீட்டுங்கள், 12 வோல்ட் கேபிளை நீட்டாதீர்கள்.

வாங்கும்போது எண்ணில் ஏமாறாதீர்கள். அமெரிக்க அளவில் ‘6 கேஜ்’ என்பது 13.3 ஸ்கொயர், ‘6 ஸ்கொயர்’ அதில் பாதிகூட இல்லை. இணையத்தில் அமெரிக்கக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு இங்கே வந்து ‘6’ என்று மட்டும் கேட்டால் தப்பான கேபிள்தான் கைக்கு வரும். அடுத்தது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள். மலிவான கார் ஆடியோ கிட்டுகளிலும் ஜம்ப்பர் கேபிள்களிலும் அது நிறைய வரும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்பின் மின்கடத்தும் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூட அதற்கு இல்லை. கடற்காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். டர்பனில் அதைத் தொடவே தொடாதீர்கள். வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு, மெல்லிய இழைகளாக வளைந்து கொடுக்கும். கைக்குக் கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு கேபிள் இன்னும் நல்லது.

நெகட்டிவ்வுக்குத் தனிக் கேபிள் கட்டாயம். டோ பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) வழியாக, சேஸி வழியாக மின்சாரம் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீஸும் துருவும் இருக்கும் இடத்தில் 30 ஆம்பியர் எங்கே போகும்? 7 முள் விளக்கு பிளக்கிலும் இந்த வேலையைச் சுமத்தாதீர்கள். பக்கியின் பின்புறம் 50 ஆம்பியர் பிராட் ஹாரிசன் பிளக் (தடித்த கேபிளுக்கான இரண்டு முனை பிளக்) ஒன்று போடுங்கள். 16 ஸ்கொயரே அதன் உள்முனையில் இறுக்கமாகத்தான் நுழையும். 25 வேண்டுமானால் பெரிய பிளக்குக்குப் போக வேண்டும். முதல் தடவை இணைக்கும் முன் மல்டிமீட்டரில் இரு பக்கமும் பாசிட்டிவ் எது என்று பார்த்துவிடுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஃப்யூஸ் கேபிளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது; ஃப்ரிட்ஜையோ இன்வெர்ட்டரையோ அல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பக்கி-டிரெய்லர் வழிக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் கேபிள் நசுங்கினால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும். இந்த வழிக்கு 50 ஆம்பியர், 35 ஸ்கொயர் இன்வெர்ட்டர் கேபிளுக்கு 125, ஃப்ரிட்ஜ் வயருக்கு 15 என்று நான் வைக்கிறேன்.

இனி லக் (கேபிள் முனையில் மாட்டும் ஓட்டையுள்ள உலோகக் காது) போடுவது. என் பட்டறைக்கு வரும் பழுதில் பெரும்பகுதி இங்கேதான். லக் கேபிளின் கனத்துக்கும் போல்ட்டுக்கும் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். 16 ஸ்கொயர் கேபிளை 35 ஸ்கொயர் லக்கில் விட்டு சுத்தியலால் தட்டி நசுக்குவது வேலை இல்லை. இழை ஒன்றுகூட அறுபடாமல் உறையை உரியுங்கள். அறுகோண அச்சு உள்ள ஹைட்ராலிக் கிரிம்பரால் (லக்கை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி) அழுத்துங்கள். வாங்க வேண்டாம், இரவல் கிடைக்கும். அழுத்திய பின் பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை). சால்டர் மட்டும் வைத்து முடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை: ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துவிடும், டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் அலை அலையான சரளைப் பாதையில் ஓடினால் விறைப்பு முடியும் இடத்தில் சரியாக ஒடியும்.

பேட்டரி முனையில் லக்கின் முகம் நேராக முனையின் உலோகத்தின்மேல் உட்கார வேண்டும். வாஷர் எப்போதும் மேலே. ஸ்டெயின்லெஸ் வாஷரை இடையில் வைத்தால் அதுவே ஒரு மின்தடை ஆகிவிடும். ஒரு முனையில் நான்கைந்து லக்குகளை அடுக்காமல், தடித்த கேபிள் ஒன்றை எடுத்து பஸ்பாரில் (பல கேபிள்களை மாட்டும் உலோகப் பட்டை) பிரியுங்கள். இரண்டு பேட்டரிகளை இணையாக (பாசிட்டிவ்வோடு பாசிட்டிவ், நெகட்டிவ்வோடு நெகட்டிவ்) இணைத்தால் பாசிட்டிவ்வை ஒன்றிலிருந்தும் நெகட்டிவ்வை மற்றதிலிருந்தும் எடுங்கள். ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்காது.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம், சாமிக் கயிற்றோடு தொங்கும் உலோகத் தாயத்து எல்லாம் கழற்றி வையுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது தலைகீழாக. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ்வைத் திருகும் ஸ்பேனர் சேஸியில் பட்டால் அது வெல்டிங் கம்பியாகிவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் கடைசி இணைப்பில் சின்னப் பொறி ஒன்று வரும், அது இயல்புதான். ஆனால் நம் டிரெய்லர்களில் பலவற்றில் முன்மூக்குப் பெட்டிக்குள்ளேயே கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, பெட்டியின் அடியில் தேங்கும். சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மூடியைத் திறந்து காற்று வர விட்டு, அதன் பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். முடிந்தால் பேட்டரியின் இடத்தையே மாற்றிவிடுங்கள்.

தகடு ஓட்டை வழியே கேபிள் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். புகைக்குழாயிலிருந்து விலகட்டும். திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு, சாலையில் தேயாத அளவு இறுக்கம்.

முடித்ததும் ஃப்ரிட்ஜை ஓடவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ்விலும் மற்றதை ஃப்ரிட்ஜ் பிளக்கின் பாசிட்டிவ்விலும் வையுங்கள். காட்டுவதுதான் அந்தக் கேபிளின் இழப்பு. நெகட்டிவ்விலும் இதையே செய்து கூட்டுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதிகமாக இருந்தால் ஒவ்வொரு லக்காக முள்ளை வைத்துக்கொண்டே போங்கள்; எங்கே எண் குதிக்கிறதோ அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முதல் சரளைப் பாதைப் பயணம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை முடுக்குங்கள், முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். போட்டிருக்கும் ஒவ்வொரு அளவு ஃப்யூஸிலும் இரண்டிரண்டு பெட்டியில் இருக்கட்டும். 125 ஆம்பியர் ஃப்யூஸ் ஞாயிற்றுக்கிழமை செயிண்ட் லூசியாவில் தேடினால் கிடைக்காது.