தோளில் கத்தி வைத்த குவார்ட்டர்பேக்: ஒப்பந்தம் போடும்போது அணிகள் எங்கே தவறுகின்றன?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் பொறுப்பு குவார்ட்டர்பேக்குடையது. ஓர் அணியின் தாக்குதல் ஆட்டம் முழுக்க அவருடைய தோளை நம்பித்தான் நடக்கிறது. அதனால் தோள் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் சந்தைக்கு வந்தால், சில அணிகள் பயந்து ஒதுங்குகின்றன, சில அணிகள் பெயரைப் பார்த்தே கையெழுத்துப் போடுகின்றன. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் உண்டு.

இந்தப் பேச்சு வந்தாலே 2006-இல் நடந்ததைத் தொடாமல் இருக்க முடியாது. சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த ட்ரூ ப்ரீஸ், 2005 டிசம்பர் 31 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில், கைநழுவிய பந்தை எடுக்கப் பாய்ந்தார். எதிரணி வீரர் ஒருவர் மேலே விழ, எறியும் தோளான வலது தோள் விலகியது. மூட்டுக் குழியைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் முழு வட்டமாகக் கிழிந்தது. தோளைச் சுழற்ற உதவும் ரொட்டேட்டர் கஃப் தசைநாரிலும் சேதம். டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவை சிகிச்சை செய்தார். மார்ச் மாதம், கை இன்னும் சரியாக எறியாத நிலையிலேயே, ப்ரீஸ் வேறு அணி தேடினார்.

சார்ஜர்ஸ் அவரைப் போக விட்டது. ‘பழைய அணியே விடுகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. சார்ஜர்ஸுக்கு வேறு கணக்கு இருந்தது. 2004-இலேயே ஃபிலிப் ரிவர்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்து இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மருத்துவ அறிக்கை எப்படி இருந்தாலும் அவருக்கு என்றாவது ஒருநாள் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

மயாமி டால்ஃபின்ஸ் ப்ரீஸை விரும்பியது. ஆனால் அவர்களுடைய டாக்டர்கள், திரும்ப ஆட 25 சதவீத வாய்ப்புதான் என்று சொன்னதாக ப்ரீஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இதற்காக டாக்டர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை, காயம் நிஜமாகவே மோசமானது. அணி சறுக்கியது அடுத்த படியில்தான். ப்ரீஸை விட்டுவிட்டு, புதிய வீரர்களை எடுக்கும் வருடாந்திரத் தேர்வில் தங்களுக்கிருந்த இரண்டாம் சுற்று உரிமையை மின்னசோட்டா அணிக்குக் கொடுத்து, அங்கிருந்த குவார்ட்டர்பேக் டான்டே கல்பெப்பரை வாங்கினார்கள். அவரோ முந்தைய அக்டோபரில்தான் முழங்காலில் மூன்று தசைநார் கிழிந்து படுத்தவர்! அந்த வருடம் மயாமிக்காக நான்கே ஆட்டம் ஆடினார். ஒருவரின் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மாற்றாக வருபவரின் உடம்பை அதே கண்ணால் பார்க்காமல் விடுவது இன்றும் நடக்கிற தவறு.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ஆறு வருடத்துக்கு 6 கோடி டாலர் பேசியது. கேட்கப் பெரிய தொகை. ஆனால் உறுதி கொடுத்தது முதல் வருடத்துக்கான சுமார் 1 கோடி டாலருக்குத்தான். இரண்டாம் வருடம் வைத்துக்கொள்ள நினைத்தால் இன்னொரு 1.2 கோடி. தோள் தேறாவிட்டால் ஒரு வருட இழப்போடு கையைக் கழுவிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைப் பார்க்கவே கூடாது என்பேன். எவ்வளவு உறுதிப்பணம், எந்தத் தேதியில் விலக முடியும், இந்த இரண்டும்தான் விஷயம். ப்ரீஸ் அந்த 2006-இலேயே, சீசன் முழுக்கச் சேர்த்து 4,418 கெஜம் எறிந்து லீகில் முதலிடம் பிடித்தார். 2010 பிப்ரவரியில் செயின்ட்ஸுக்கு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று கொடுத்தார், அதுவும் டால்ஃபின்ஸின் சொந்த மைதானத்தில்.

சரி, இதைக் கேட்டுவிட்டு ‘தோள்தானே, தேறிவிடும்’ என்று கிளம்பினால் அது அடுத்த குழி. தோள் காயம் என்பது ஒரே காயம் அல்ல. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு 2013-இல் இடது பக்கமும் 2017-இல் வலது பக்கமும் காறை எலும்பு முறிந்தது; இரண்டு முறையும் அதே சீசனில் திரும்பி வந்தார். எலும்பு ஒட்டிக்கொள்ளும். லேப்ரமும் ரொட்டேட்டர் கஃப்பும் அப்படியில்லை, தைத்த பிறகும் எறியும் வேகமும் துல்லியமும் பழையபடி வருமா என்பது மாதக்கணக்கில் தெரியாது.

அப்புறம், தேதி சொல்லும் ஆசை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஆண்ட்ரூ லக் 2015-இல் தோளில் அடிபட்டார். 2016-இல் பெரிய நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டு, அந்தத் தோளோடே ஒரு சீசன் ஆடி, 2017 ஜனவரியில்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார். சீக்கிரம் வந்துவிடுவார் என்ற பேச்சு ஓயவே இல்லை. அக்டோபரில் பயிற்சியில் எறிய ஆரம்பித்தார், வலி வந்தது, நிறுத்தினார்கள். அந்த சீசன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒருநாள் நன்றாக எறிவதைப் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும். மறுநாள் காலை தோள் எப்படி இருக்கிறது, அடுத்தடுத்த நாள் எறிய முடிகிறதா என்றுதான் கேட்க வேண்டும். லக் 2018-இல் வந்து 39 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பெஞ்ச், அதாவது தயாராக வைத்திருக்கும் மாற்று வீரர். மயாமி 2008-இல் இதைச் சரியாகச் செய்தது. ரொட்டேட்டர் கஃப்பில் இரண்டு அறுவை சிகிச்சை கண்ட குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டனை நியூயார்க் ஜெட்ஸ் அணி விடுவித்ததும் கூப்பிட்டுக்கொண்டது. முந்தைய வருடம் ஒரே ஒரு வெற்றி பெற்ற அணி, அவரோடு 11 ஆட்டம் வென்றது. அதே வருடம் சாட் ஹென்னி என்ற இளம் குவார்ட்டர்பேக்கையும் இரண்டாம் சுற்றில் எடுத்து வைத்திருந்தார்கள். 2009-இன் மூன்றாவது ஆட்டத்தில் பென்னிங்டனின் தோள் மறுபடி போனது. ஹென்னி உள்ளே வந்தார்.