காற்று நின்ற பிறகும் கவனம் வேண்டும்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் புயல் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் வருகிறது என்றதும் பெரியவர்களின் கை தானாக வீட்டு வேலைக்குப் போய்விடும். மாடியில் கிடப்பதை இறக்கி வைப்போம், ஜன்னலைச் சாத்துவோம், வண்டியை மரத்தடியிலிருந்து எடுப்போம், போனை சார்ஜில் போடுவோம். எல்லாம் வேண்டிய வேலைதான். ஆனால் இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பாதி வேலைகூட ஆகாது. காற்று சில மணி நேரத்தில் கடந்துவிடும். கரண்ட் இல்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல், புழுக்கத்திலும் ஈரத்திலும் கழியும் நாட்கள் அதற்குப் பிறகுதான் வரும். நான் பார்த்தவரை, பிள்ளைகள் விஷயத்தில் நாம் சறுக்குவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

முதலில், புயலுக்கு முன்னால் செய்யும் தவறுகள்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று உட்கார்ந்துவிடுவது பெரிய தவறு. 1974 டிசம்பர் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. அந்தப் புயல் திசை மாறிப் போய்விட்டது. அதே மாதம் இன்னொரு எச்சரிக்கை வந்தபோது பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் அதிகாலையில் ட்ரேசி புயல் ஊரின் பெரும்பாலான வீடுகளை நொறுக்கிவிட்டது. ஒரு புயல் தப்பிப் போனதற்கும் அடுத்த புயல் எங்கே போகும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அடுத்தது, காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. "நம் வீடு கான்கிரீட், காற்று ஒன்றும் செய்யாது" என்பார்கள். சரி, காற்றைத் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் புயல் அதிக உயிர்களைக் கொண்டுபோவது தண்ணீரால்தான். புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர் ஊருக்குள் ஏறும்போது கான்கிரீட் சுவர் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது கடல்நீர்தான். 2013இல் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரில், 'கடல்நீர் ஏறும்' என்று அறிவித்த சொல்லே பலருக்குப் புரியவில்லை. காற்றுக்குப் பயந்து ஒதுங்கிய கட்டடங்களிலேயே பலர் நீரில் சிக்கினார்கள். ஆகவே தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையைப் படிக்கும்போது, காற்று எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நீர் எத்தனை மீட்டர் ஏறும் என்பதையும் தேடிப் பாருங்கள்.

கிளம்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் பத்து நிமிடத்தில் வெளியேறலாம். கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தால் அதே வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒன்று தூங்கும், ஒன்று செருப்பைத் தேடும். ஓடும் வெள்ளம் அரை அடி உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாறச் செய்யும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போய்விடும். தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதில் இறங்கும் நிலை வரக்கூடாது.

எடுத்துப் போகும் பையில் எல்லோரும் ஆதார ஆவணங்களையும் பணத்தையும் வைப்பார்கள். பிள்ளைக்கென்று தனிப் பை வைப்பவர்கள் குறைவு. வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, டயப்பர், மாற்றுத் துணி, உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட், அப்புறம் அவர்கள் கட்டிக்கொண்டு தூங்கும் அந்தப் பழைய துணியோ பொம்மையோ. இந்தக் கடைசிப் பொருளை 'அதெல்லாம் எதற்கு' என்று விட்டுவிட்டு வந்து, முகாமில் இரவு முழுக்க அழுகையைச் சமாளித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். சீட்டு நனைந்துவிடும் என்று தோன்றினால் அழியாத பேனாவால் கையிலேயே எழுதிவிடலாம்.

காற்று வீசும் நேரத்தில்

கண்ணாடியில் எக்ஸ் போட்டு டேப் ஒட்டுவதால் கண்ணாடி பலப்படாது. உடைந்தால் இன்னும் பெரிய துண்டுகளாக வந்து விழலாம். வெளிப்பக்கம் பலகை அடிப்பதுதான் பாதுகாப்பு. ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றழுத்தம் சமமாகும் என்பதும் தவறான நம்பிக்கை. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்.

பிள்ளைகளை ஜன்னல் இல்லாத உள் அறைக்குக் கொண்டுபோய் மெத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் ஷூ போட்டே தூங்க வையுங்கள். அம்மாக்களுக்கு இது உறுத்தும், தெரியும். ஆனால் நடு ராத்திரி இருட்டில் கண்ணாடிச் சில்லு சிதறிய தரையில் வெறுங்காலோடு குழந்தை ஓடுவதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு மணி நேரம் ஊளையிட்ட காற்று சட்டென்று நின்றது. மழைகூட இல்லை. என் மகள் கதவருகே போய், "அப்பா, முடிஞ்சிருச்சு, வெளியே போலாம்" என்று தாழ்ப்பாளில் கையை வைத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாமனார்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற வாசல் மரம் அப்போதுதான் விழுந்தது, அவள் ஓடிப் போயிருக்கக்கூடிய இடத்திலேயே. புயலின் கண், அதாவது அதன் நடுவில் காற்று அடங்கியிருக்கும் பகுதி, நம் மேல் கடக்கும்போது இப்படி ஓர் அமைதி வரும். அதன் அகலத்தையும் புயல் நகரும் வேகத்தையும் பொறுத்து அது சில நிமிடமும் நீடிக்கலாம், ஒரு மணி நேரமும் நீடிக்கலாம். புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

கரண்ட் போன பிறகு

மெழுகுவத்தி வேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் டார்ச்சும் பேட்டரி விளக்கும்தான். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சத்தத்துக்காகவோ மழைக்காகவோ அதை வராந்தாவிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைப்பது உயிரையே எடுக்கும் தவறு. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கும் குழந்தை எழவே எழாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். கரி அடுப்புக்கும் இதே விதிதான்.

நல்ல எண்ணத்தில் செய்கிற ஒரு காரியமும் ஆபத்தாகும்: தண்ணீர் பிடித்து வைப்பது. புயலுக்கு முந்தின நாள் டிரம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பி வைப்போம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்குத் தலைதான் உடம்பிலேயே கனமான பகுதி. பக்கெட்டை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது, கத்தவும் முடியாது. மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். நிரப்பிய எல்லாவற்றுக்கும் கனமான மூடி போடுங்கள். மூடி இல்லாததைப் பூட்டிய குளியலறைக்குள் வையுங்கள். மண்ணெண்ணெய், பிளீச்சிங் கரைசல் போன்றவற்றைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதையும் விட்டுவிடுங்கள். தாகத்தில் இருக்கும் பிள்ளைக்கு எல்லா பாட்டிலும் ஒன்றுதான்.

பால் விஷயத்தில் குழப்பம் அதிகம். "பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும்" என்று சொல்லி, முகாமில் இலவசமாகக் கிடைக்கும் பால்பவுடருக்கு மாறிவிடுவார்கள். பதற்றத்தில் பால் இறங்குவது கொஞ்ச நேரம் தாமதமாகலாம், சுரப்பு நின்றுவிடாது. அடிக்கடி மார்பில் போட்டால் சரியாகிவிடும். சுத்தமான தண்ணீர் கிடைக்காத நாட்களில் தாய்ப்பாலைவிடப் பாதுகாப்பான உணவு கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். இன்னும் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். ஏற்கெனவே பவுடர் பால் குடிக்கும் குழந்தை என்றால் கொதிக்க வைத்த தண்ணீரில் கலக்கி, பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து உடனே கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலையும் நிப்பிளையும் ஒழுங்காகக் கழுவிக் கொதிக்க வைக்க வழி இல்லாவிட்டால் சின்னக் கிண்ணத்தால் ஊட்டுவது மேல்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் பாலையோ சமைத்த உணவையோ மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் சிலர் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. முதல் வேலை, இழந்த நீரை ஈடுகட்டுவது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்கினால் அளவு மாறிவிடும். பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பு அளவு மீறக்கூடாது. இருபத்து நான்கு மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல், துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகும் வழியிலும் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

தேங்கிய நீரில் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படம் எடுப்போம். அந்த நீருக்கு அடியில் திறந்த சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து சிராய்ப்பு வழியாக, எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி உடம்புக்குள் போகும். பாம்பும் அந்த நேரம் மேடான இடம் தேடி வீட்டுக்குத்தான் வரும். ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள்.

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒன்று, ஒன்றரை வாரம் போதும். அதனால்தான் புயலுக்குப் பிறகு வரும் வாரங்களில் காய்ச்சல் பெருகுகிறது. சிரட்டை, டயர், உடைந்த பொம்மை எதிலும் நீர் நிற்க விடாதீர்கள். அந்த நாட்களில் காய்ச்சல் என்றால் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

அவர்கள் மனதுக்குள்

"ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்பதை எல்லோரும் சொல்வோம். கூரை பறப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் அடுத்த தடவை நம் பேச்சை அது நம்பாது. "பெரிய காற்று வருது. சத்தம் பயமாத்தான் இருக்கும். நாம எல்லோரும் இந்த அறையில ஒண்ணா இருப்போம்" என்று நடப்பதைச் சொல்வது நல்லது. டிவியில் அதே சேதக் காட்சியை நாள் முழுக்க ஓடவிடுவதும் தவறு. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, பத்து முறை காட்டினால் பத்துப் புயல் வந்த மாதிரிதான்.

என் மகள் ஒரு வாரம் தலையணைகளை அடுக்கி வீடு கட்டினாள், வாயால் ஊதிக்கொண்டே அதைத் தள்ளிவிட்டாள், பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுபடி கட்டினாள். "என்ன விளையாட்டு இது, அபசகுனமா" என்று பாட்டி தடுக்கப் பார்த்தார். விட்டுவிடச் சொன்னேன். பார்த்ததைப் பிள்ளைகள் ஜீரணிப்பது இப்படித்தான். மறுபடி படுக்கையில் சிறுநீர் போவது, பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடாமல் ஒட்டிக்கொள்வது, விட்டுப்போன மழலை திரும்புவது எல்லாம் சில வாரம் இருக்கும். அதற்காகத் திட்டினால் இன்னும் இறுகிப்போவார்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் முன் சொல்லும் கதை, இந்த மூன்றையாவது முகாமிலும் பழையபடி வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லாமல், பேசாமல், மழைச் சத்தத்துக்கே நடுங்கிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.