நிழல் விழுந்தால் 1,200 வாட் 300 ஆவது ஏன்?

தொடராக இணைத்த நான்கு சோலார் பேனல்கள். ஒன்றின் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் கம்பத்தின் நிழல் விழும். அப்போது 1,220 வாட் 300-க்கு இறங்கும். கண்ணாடியைக் கழுவியதும் இணைப்பிகளை மாற்றியதும் பயன்தரவில்லை. நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடுகளைச் சோதித்தேன், பழுதில்லை.

துப்பு வோல்ட்டேஜில் இருந்தது. நிழலில் மின்னோட்டம் 9 ஆம்பியரிலிருந்து 2-க்கு விழ, வோல்ட்டேஜோ 136-லிருந்து 153-க்கு ஏறியது. டயோடு கடத்தியிருந்தால் வோல்ட்டேஜ் குறைந்திருக்க வேண்டும்! நிழலில் பவர் வளைவுக்கு (வோல்ட்டேஜுக்கு ஏற்ப பவர் மாறும் கோடு) இரண்டு உச்சிகள். அதிக பவர் தரும் வோல்ட்டேஜைச் சிறு அடிகளாகத் தேடும் எம்பிபிடி (இன்வெர்ட்டரின் ஒரு பகுதி), அருகிலிருந்த சின்ன உச்சியிலேயே நின்றுவிட்டது.

இன்வெர்ட்டர் அமைப்பில் அணைந்திருந்த நிழல் ஸ்கேனை (வோல்ட்டேஜ் வரம்பு முழுவதிலும் தேடும் வசதி) இயக்கி, இடைவெளியை 5 நிமிடமாக வைத்தேன். இப்போது அதே நிழலில் 124 வோல்ட், 9 ஆம்பியர்: சுமார் 1,115 வாட். அப்பாடா! நிழலே விழாத கூரையில் ஸ்கேன் வேண்டாம். ஒவ்வொரு முறையும் சிறிது பவர் வீணாகும்.